ரூஜ் பின்வளவுகளில் செத்து நிற்கும் மரங்கள்: ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவில் இயங்கும் ஊர்ச் சங்கங்களினதும் பழைய மாணவர் சங்கங்களினதும் நிர்வாகசபை உறுப்பினர்களுக்கு,



உங்களுக்கு வரும் கடிதங்களில் பாதி, காசு கேட்டு வருபவை. பாடசாலைக்குச் சுற்றுமதில், வாசிகசாலைக்குக் கூரை, ஆஸ்பத்திரிக்கு மெஷின், கோயிலுக்குத் தேர். இதுவும் காசு கேட்கிற கடிதந்தான். ஆனால் இந்தக் காசு கடல் தாண்டிப் போகாது, ஸ்காபரோவுக்குள்ளேயே செலவழியும். உங்கள் சங்கங்களின் பழைய போஷகர்கள், முதல் செயலாளர்கள், முப்பது வருடமாக ஒவ்வோர் ஒன்றுகூடலுக்கும் நூறு டொலர் செக் எழுதித் தந்தவர்கள் பலர் இப்போது ரூஜ் பகுதியில் முதுமையோடும் பின்வளவில் செத்துப்போன ஒரு மரத்தோடும் இருக்கிறார்கள். அதை வெட்டுவிக்க அவர்களிடம் வசதியில்லை. அதற்கு ஓர் ஏற்பாட்டை நீங்கள் செய்ய வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம்.

செத்த மரம் என்றால் இங்கே பெரும்பாலும் ஆஷ் மரம். எமரல்ட் ஆஷ் போரர் என்ற, விரல்நகத்தளவு நீளமான பச்சை வண்டு ஆசியாவிலிருந்து சரக்குப் பெட்டிகளோடு வந்து சேர்ந்தது. 2002 இல் டெட்ரொயிற்றிலும் விண்ட்சரிலும் கண்டுபிடித்தார்கள். 2007 இல் ரொறன்ரோவுக்குள் வந்துவிட்டது. அப்போது இந்த நகரத்தில் ஏறத்தாழ 860,000 ஆஷ் மரங்கள் நின்றன. வண்டின் புழு பட்டைக்குள் இருந்துகொண்டு, வேரிலிருந்து கிளைக்கு நீர் போகும் வழியைத் தின்றுவிடும். மருந்து ஏற்றாத மரம் சில வருடங்களுக்குள் பட்டுவிடும். மாநகரசபை தன் வீதியோரத்து ஆஷ் மரங்களை வெட்டிப் புது மரம் நட்டது. வேலிக்கு உள்ளே நின்றவை வீட்டுக்காரர் பொறுப்பு.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் மீடோவேல் வீதிக்குக் கிட்ட இருக்கிறார். கணவர் இல்லை. பிள்ளைகள் ஏஜக்ஸிலும் விற்பியிலும். குசினி ஜன்னலுக்கு நேரே ஆஷ் மரம். புழுவைத் தேடி மரங்கொத்தி மேல்பட்டையைக் கொத்திக் கொத்தி, மரத்தின் மேற்பாதி வெளிறிப்போய் நிற்கிறது. அடிமரத்தில் சின்னச் சின்னத் துளைகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் அரைவட்டம். அந்த வண்டு வெளியேறிய துளை எப்போதும் இந்த வடிவந்தான். தளர்ந்த பட்டையை ஒரு கை அகலத்துக்கு இழுத்தால் வந்துவிடுகிறது. உள்ளே புழு போன பாதை சின்னப்பிள்ளை பென்சிலால் கிறுக்கினதுபோல் வளைந்து வளைந்து ஓடுகிறது. காற்றடிக்கும் இரவுகளில் ரீச்சர் பின்பக்கப் படுக்கையறையை விட்டுவிட்டு முன்ஹோலில் சோபாவில் படுக்கிறார். மூத்த மகனிடம் சொன்னால் "பாப்பம் அம்மா, சமருக்குப் பாப்பம்" என்பார். எத்தனையோ சமர் போய்விட்டது.

இந்தத் தாமதத்துக்கு ஒரு விலை இருக்கிறது. மற்ற மரங்கள் பட்டபின்பும் சில காலம் ஓரளவு உரமாக நிற்கும். ஆஷ் அப்படியில்லை; பட்டதும் விரைவாகக் காய்ந்து மொறமொறப்பாகிவிடும். கயிறு கட்டி ஏறுபவரின் பாரத்தை அது தாங்கும் என்ற நம்பிக்கை கிடையாது. அதனால் அனுபவமுள்ள மரம்வெட்டிகள் முழுதாகப் பட்ட ஆஷ் மரத்தில் ஏற மாட்டார்கள். தூக்கு வண்டி வேண்டும், இல்லாவிட்டால் கிரேன் வேண்டும். இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு குப்பைத்தொட்டி மட்டும் போகக்கூடிய ஒடுக்கமான பாதை உள்ள வளவுக்குள் தூக்கு வண்டி எப்படிப் போகும்? கிரேனை முன்னால் நிறுத்தி, கூரைக்கு மேலால் துண்டு துண்டாகத் தூக்க வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன் ஆயிரம் ஆயிரத்தைந்நூறோடு முடிந்திருக்கக்கூடிய வேலைக்கு ரீச்சரிடம் கேட்ட விலை நாலாயிரத்துக்குக் கிட்ட. அடிக்கட்டையை அரைத்து எடுப்பது அதற்குள் சேர்த்தியில்லை.

இங்கே உங்கள் பொருளாளர் குறுக்கிடுவார். "ஒரு மில்லியன் பெறுமதியான வீட்டில் இருக்கிறவருக்கு எதுக்கு உதவி?" நியாயமான கேள்விதான். ஆனால் வீட்டின் விலையில் நாலாயிரத்தை மட்டும் வெட்டி எடுத்துச் செலவழிக்க முடியாது. முதியோர் ஓய்வூதியம் முழுதாகக் கிடைக்க, பதினெட்டு வயதுக்குப் பின் நாற்பது வருடங்கள் கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும். இருபது வருடம் என்றால் பாதி. 1983 க்குப் பிறகு வந்த எங்கள் ஆட்களில் அறுபத்தைந்தில் நாற்பது வருடக் கணக்கு நிரம்பியவர்கள் கொஞ்சப் பேர். ஐம்பது வயதில் பிள்ளைகள் ஸ்பொன்சர் பண்ணி வந்த தாய் தகப்பனின் கணக்கைச் சொல்லவே வேண்டாம். பக்டரியிலும் ரெஸ்ரோறன்ரிலும் நின்றவர்களுக்குக் கம்பனி ஓய்வூதியம் கிடையாது. பென்சனில் வீட்டு வரி, ஹைட்ரோ, காஸ், இன்சூரன்ஸ் போக மிஞ்சுவது மருந்துக்கும் மரக்கறிக்கும். இன்சூரன்ஸ் என்றதும் நினைவு வருகிறது: மரம் விழுந்து கூரை உடைந்தால் பெரும்பாலான வீட்டுக் காப்புறுதிகள் பணம் தரும், விழ முன்னர் வெட்டுவதற்கு ஒரு சதமும் தராது. செத்த மரத்தைத் தெரிந்தே விட்டுவைத்ததாகக் கண்டால் விழுந்த பிறகும் இழுபறிதான்.

மரம் விழாது என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு இரண்டு திகதிகள். 2013 டிசம்பர் 21, 22: உறைபனி மழையில் கிளைகள் முறிந்து ரொறன்ரோவில் ஏறத்தாழ 300,000 மின் இணைப்புகள் அறுந்தன. ஸ்காபரோவில் பல தெருக்கள் நத்தாரை இருட்டில் கழித்தன. குளிர்சாதனப் பெட்டியில் இருந்ததெல்லாம் பழுதாகி, ஐம்பது நூறு டொலர் உணவு அட்டைக்காக மக்கள் குளிரில் வரிசையில் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2022 மே 21: விக்ரோறியா நாள் நீள்வார இறுதியில், சனிக்கிழமை, தென் ஒன்ராறியோவைக் கடந்த புயல்காற்றில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் மரம் அல்லது கிளை விழுந்து இறந்தவர்கள். ரூஜ் தேசிய நகரப் பூங்காவுக்கு வடக்கே இருக்கும் அக்ஸ்பிரிட்ஜ் ஊரை அன்று சுழல்காற்றே பிய்த்துப் போட்டது.

இதெல்லாம் மாநகரசபையின் வேலையல்லவா என்று கேட்பீர்கள். என் எண்ணமும் அதுதான். ரொறன்ரோவின் மரங்களைக் கணக்கெடுத்தபோது, அவற்றில் 60 வீதம் தனியார் காணிகளில் நிற்கின்றன என்று மாநகரசபையின் ஆய்வே சொன்னது. 2050 க்குள் நகரத்தின் 40 வீதம் மரநிழலின் கீழ் இருக்க வேண்டும் என்ற இலக்கில் ரீச்சரின் மரமும் அடக்கம். உயிரோடு நிற்கும்வரை அது நகரத்தின் சொத்து, அதைத் தொட அனுமதி வேண்டும். செத்ததும் அது ரீச்சரின் தலைவலி. இந்தக் கணக்கில் ஏதோ இடிக்கிறது.

அரசுக்கு வேறுவிதமாக நடக்கவும் தெரியும் என்பதற்கு இதே நகரத்தில் ஆதாரம் இருக்கிறது. 2003 இல் ரொறன்ரோவும் வாணும் சந்திக்கும் எல்லையில் ஆசிய நீள்கொம்பு வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அது மேப்பிளைத் தின்னும் வண்டு. மேப்பிள் போனால் மரத் தொழில் போகும், சிரப் போகும், கொடியில் இருக்கிற இலையும் போகும். கனடிய உணவுப் பரிசோதனை முகமை களத்தில் இறங்கியது. பல்லாயிரம் மரங்களை, வீட்டு வளவுகளுக்குள் நின்றவற்றையும் சேர்த்து, அரசு செலவிலேயே வெட்டி அரைத்தார்கள். மாற்று மரம் வாங்குவதற்கு வீட்டுக்காரருக்கு இழப்பீடு தருவதற்கென்றே மத்திய அரசு ஒரு விதிமுறையும் கொண்டுவந்தது. 2013 இல் மிசிசாகாவில் மறுபடி தலைகாட்டியபோதும் விடவில்லை; 2020 இல் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பச்சை வண்டு பரவிய வேகத்துக்கு அதை ஒழிக்க முடியாது என்பது உண்மை. ஒழிக்க முடியாததால் செலவு முழுவதையும் வீட்டுக்காரர் தலையில் கட்டலாம் என்பது எந்த நியாயத்தில் வந்தது?

மரப் பாதுகாப்புச் சட்டத்தோடு எனக்குச் சண்டையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்களில் சிலருக்கு மரம் என்றாலே பீலிக்குள் இலை விழுகிறது, டிரைவ்வேக்கு இடம் காணாது என்ற எரிச்சல். ஊரில் மாமரத்துக்கும் முருங்கைக்கும் உயிரைவிட்டவர்கள், இங்கே முன்வளவை முழுதாகக் கொங்கிறீற் போட்டு நாலு கார் விடுகிறார்கள். அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நல்ல மரத்தை வெட்டச் சங்கக் காசு ஒரு சதமும் போகக்கூடாது.

சட்டம் தெரியாததால் எங்கள் முதியவர்கள் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார்கள். நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுள்ள தனியார் மரத்தை வெட்டப் பெர்மிட் வேண்டும். தையல் அளவுநாடாவைச் சுற்றிப் பிடித்தால் 94 சென்ரிமீற்றர் வரும். ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் ஓடைகளையும் ஒட்டிய, மாநகரசபை பாதுகாத்த பகுதிக்குள் வீடு இருந்தால் அளவே கிடையாது; கைத்தடியளவு கன்றுக்கும் அனுமதி வேண்டும். அனுமதியின்றி வெட்டினால் தண்டம் ஒரு மரத்துக்கு 500 டொலரில் தொடங்கி 100,000 வரை போகலாம். ஆனால் மரம் செத்துவிட்டது, அல்லது உடனடி ஆபத்தாக நிற்கிறது என்றால், பெர்மிட்டும் தேவையில்லை, கட்டணமும் இல்லை. வெட்ட முன்னர் மாநகரசபையின் நகர வனப் பிரிவுக்குப் படங்களோ ஆர்பரிஸ்ட் எனப்படும் மர வல்லுநரின் அறிக்கையோ அனுப்பி, அவர்கள் ஒப்புக்கொண்ட பதிலைக் கையில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதைத் தெரியாமல் தண்டத்துக்குப் பயந்து செத்த மரத்தை வைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

முன்வளவு மரத்தில் வேறொரு கூத்து. வீதிக்குரிய காணி நடைபாதையோடு முடிவதில்லை. பல இடங்களில் புல்தரைக்குள் சில மீற்றர் உள்ளே வரும். அதற்குள் நிற்கும் மரம் மாநகரசபையின் மரம். அதைக் கத்தரிப்பதும் வெட்டுவதும் அவர்கள் செலவு. மாநகரசபையின் 311 இலக்கத்துக்கு ஒரு அழைப்பு போதும். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். அது தெரியாமல் சொந்தக் காசைக் கொடுத்து நகரத்தின் மரத்தைக் கத்தரித்து, கூடவே சட்டத்தையும் மீறினவர்கள் எங்களுக்குள் உண்டு.

எல்லையில் நிற்கும் மரத்தைப் பற்றி யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு நான் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. கதியாலுக்காகவும் வேலியோரத்துப் பனைக்காகவும் மூன்று தலைமுறை கோட்டுப்படி ஏறியவர்கள் நாங்கள். ஒன்ராறியோவின் வனச் சட்டம், எல்லையில் வளரும் மரம் இரு வளவுக்காரருக்கும் பொதுச் சொத்து என்கிறது. அயலவர் சம்மதமில்லாமல் வெட்டுவது குற்றம். அடிமரம் நிலத்தைத் தொடும் இடத்தை மட்டும் பார்க்கக்கூடாது, கிளை பிரியும் இடம் வரைக்கும் எந்த உயரத்தில் எல்லையைத் தாண்டினாலும் அது பொது மரந்தான் என்று ரொறன்ரோ வழக்கொன்றில் 2013 இல் நீதிமன்றம் தீர்த்தது. பொது மரம் என்றால் செலவையும் பாதி பாதியாகப் பேசலாம். ஆங்கிலம் தடுமாறும் எண்பது வயது ஐயா ஒருவர் அயல்வீட்டுக் கதவைத் தட்டி இதைப் பேசுவாரா? கூடவே ஒருவர் போக வேண்டும்.

பிறகு, கதவைத் தட்டுகிறவர்கள். காற்றடித்த மறுநாள் பிக்கப் வண்டியோடு இரண்டு பேர் வருவார்கள்; ஏணியும் மின்வாளும் இருக்கும், வேறொன்றும் இருக்காது. அல்லது "எங்கட பெடியன் ஒருத்தன் மலிவாய் வெட்டித் தருவான்" என்று கோயிலில் யாரோ சொல்வார்கள். பெடியன் நல்லவனாகவே இருக்கட்டும். வளவுக்குள் அவன் விழுந்தால், வேலையிட விபத்துக் காப்புறுதி இல்லாவிட்டால், வழக்கு வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்கும். தொழிலாளர் காப்புறுதிச் சபையின் அத்தாட்சிப் பத்திரத்தையும் பொறுப்புக் காப்புறுதியையும் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. வாசலில் வைத்து 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால் பத்து நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்ய ஒன்ராறியோ நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. இதையும் முதியவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

தானம் வேண்டாம். ரீச்சரிடம் போய் "சங்கம் உங்களுக்கு உதவி தருகிறது" என்றால் தேத்தண்ணி தந்து அனுப்பிவிடுவார். கொடுத்தே பழகிய கை அது. கைமாற்று என்றால் வாங்குவார். சீட்டுப் பிடித்து வீட்டுக்கு முற்பணம் கட்டின தலைமுறைக்கு வட்டியில்லாக் கடனை மாதம் நூறோ ஐம்பதோ என்று திருப்பிக் கட்டுவது புதிதல்ல. ஒருவர் கட்டக் கட்ட அடுத்தவருக்குப் போகும். ஐந்தாறு சங்கங்கள் ஆளுக்கு ஐயாயிரம் போட்டாலே முதல் வருடத்தில் மிக ஆபத்தான சில மரங்களை இறக்கிவிடலாம். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 3 மில்லியன் டொலர் சேர்த்த சமூகம் இது. ஸ்ரெயின்ஸ் வீதியில் தமிழ்ச் சமூக மையம் எழுப்பப் பாடுபடுகிற சமூகம். முப்பதாயிரம் பெரிய தொகையல்ல. உங்கள் கலைமாலை ஒன்றின் மண்டபச் செலவு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

ஒரே தெருவில் நாலு வீட்டு மரத்தை ஒரே நாளில் வெட்டினால் கிரேன் ஒருதரம் வந்தால் போதும். தனித்தனியே பேரம் பேசும் முதியவருக்குக் கிடைக்காத விலை, சங்கத்தின் பேரில் மூன்று கொட்டேஷன் எடுத்தால் கிடைக்கும். எந்த மரம் முதலில் என்பதை நிர்வாகசபை தீர்மானிக்கக்கூடாது. எங்களுக்குள் அது ஊர், உறவு, கட்சி என்று போய்விடும். சான்றிதழ் பெற்ற ஆர்பரிஸ்ட் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். வெட்டி விற்பதில் லாபமுள்ள கம்பனியின் ஆளாக அவர் இருக்கக்கூடாது.

ஒன்ராறியோவில் உயர்பள்ளி முடிக்கப் பிள்ளைகள் 40 மணித்தியாலம் சமூக சேவை செய்ய வேண்டும். அந்த மணித்தியாலங்களைக் கலைவிழாவில் தட்டு அடுக்கியே கழிக்கிறார்கள். மின்வாளுக்குக் கிட்டவும் அவர்களை விடவேண்டாம். நாலு பக்கத்திலிருந்தும் மரத்தைப் படம் எடுக்க, படிவம் நிரப்ப, 311 இல் தரும் கோரிக்கை எண்ணைக் குறித்துவைத்துப் பதில் வரும்வரை தொடர்ந்து கேட்க, கொட்டேஷனை ஐயாவுக்கு வாசித்துச் சொல்ல அவர்கள் தாராளமாகப் போதும்.

இவ்வளவும் செய்துகொண்டே மாநகரசபையிடம் போக வேண்டும். கேட்பது பெரிதல்ல. ஆபத்தான மரத்தை வெட்டாத வீட்டுக்காரருக்கு உத்தரவு அனுப்பி, அவர் செய்யாவிட்டால் தாங்களே செய்வித்து, செலவை வீட்டு வரியில் ஏற்ற அவர்களுக்கு ஏற்கெனவே அதிகாரம் இருக்கிறது. தண்டனையாக வைத்திருக்கும் அதே வழியை உதவியாக மாற்றட்டும்: வருமானம் குறைந்த முதியவர் தானே விண்ணப்பித்தால், நகரம் மரத்தை வெட்டுவித்து, செலவைப் பல வருட வீட்டு வரியில் வட்டியில்லாமல் பரப்பட்டும். வீட்டின் மின்சக்திச் சிக்கனத் திருத்தங்களுக்கு இதே மாதிரி வரியோடு சேர்த்துக் கட்டும் கடன் திட்டம் ரொறன்ரோவில் நடக்கிறது. வருமானம் குறைந்த முதியோரின் வரி உயர்வைத் தள்ளிப்போடவும் ரத்துச் செய்யவும் திட்டம் இருக்கிறது. பனிக்காலத்தில் டிரைவ்வே வாசலில் வண்டி குவித்துவிட்டுப் போகும் பனியைக்கூட ஸ்காபரோவில் நகரமே வந்து தள்ளித் தருகிறது. 2013 உறைபனி மழைக்குப் பிறகு தனியார் மரக் கிளைகளையும் வீதியோரத்திலிருந்து நகரமே அள்ளிக்கொண்டு போனது. விழுந்த பிறகு அள்ள முடிந்தவர்களுக்கு விழ முன்னர் ஏன் முடியாது என்று நாலு சங்கத் தலைவர்கள் சேர்ந்து குழுக் கூட்டத்தில் கேட்டால், பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். வெட்டின இடத்தில் நகரத்துக்கு ஒரு கன்று நட்டுத் தருகிறோம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பின்வளவில் கன்று நட லீஃப் என்ற அமைப்பு மானிய விலையில் ஆளனுப்புகிறது; செர்விஸ்பெரி நட்டால் ரீச்சருக்குப் பழமும் கிடைக்கும்.

மரம் வெட்ட நல்ல காலம் தை, மாசி. நிலம் இறுகியிருக்கும், வண்டி புல்தரையைக் குழப்பாது. பறவை கூடு கட்டியிருக்காது. கம்பனிகளுக்கு வேலை குறைவு, விலையும் கொஞ்சம் இறங்கும். அப்படியென்றால் இலையுதிர் காலத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். உங்களில் பலருடைய ஆண்டுப் பொதுக்கூட்டம் அதற்குள் வருகிறது. தயவுசெய்து இதை "ஏனைய விடயங்கள்" என்ற கடைசி வரிக்குள் போட வேண்டாம். அந்த வரி வரும்போது மண்டபத்தில் கொத்துரொட்டி வாசம் வந்துவிடும், பிறகு ஒருவரும் இருக்க மாட்டார்கள். கணக்கறிக்கைக்கு முன்னால் போடுங்கள்.

இப்படிக்கு,
ரூஜ்வாசி ஒருவர்